மூன்று இழுப்பு

"கயித்த நீ விட்டியா சாமி, தானா நழுவுச்சா?"

யாழினி செத்த மூன்றாம் நாள், அவளுடைய அப்பா கந்தப்பன் மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வருவதில்லை. இந்த நோட்டில்தான் பேசுவேன்.

ஏற்காட்டு மலையேற்ற முகாமுக்கு யாழினி பேர் கொடுத்திருந்தாள். அதற்கு முன்னால் ஊர்ப்பக்கத்துக் குன்றான ஊசிக்கரட்டின் செங்குத்துப் பக்கம் கயிற்றில் இறங்கிப் பழக வேண்டும் என்று என்னை இழுத்துப் போனாள். பின்பக்கத்து ஆட்டுத்தடம் வழியாக உச்சிக்கு ஏறினோம். அவள் தோளில் தடித்த நைலான் கயிறு.

"அப்பன் இதத் தொடவே கூடாதுன்னாரு. புத்தம்புதுக் கயிறு புள்ள, மாட்டுக் கொட்டாய்ல தூங்குது!"

மாமா கிணறு தூர் வாருகிறவர். ஆழத்தில் குரல் கேட்காது என்பதால் கயிற்றை இழுத்துத்தான் பேசுவார்கள். ஒரு இழுப்பு, நில். இரண்டு, விடு. மூன்று, மேலே தூக்கு.

"உனக்குன்னே செஞ்ச பாஷ," என்று யாழினி சிரித்தாள். "ஊமச்சி, கெட்டியாப் புடி."

உச்சியில் கார்த்திகை தீபம் ஏற்றும் விளக்குக் கல்லில் கயிற்றை ஒரு சுற்று சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். அவள் மறுமுனையை இடுப்பில் கட்டி இறங்கினாள். இரண்டு இழுப்பு, விட்டேன். இரண்டு இழுப்பு, விட்டேன். மேற்கே வெயில் போய் மேகம் கறுத்தது. தூறல் விழுந்தது.

ஒரு இழுப்பு. நிறுத்தினேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. கீழே சங்ககிரி ரோட்டில் லாரிகளின் இரைச்சல்கூட நின்றுவிட்டது போல இருந்தது.

பிறகு மூன்று இழுப்பு.

காலை ஊன்றி இழுத்தேன். கனம். இறங்கும்போது அவ்வளவு கனம் இல்லை. கயிறு ஈரமாக வந்தது. தூறலின் வாசம் இல்லை அது. பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றுச் சேற்றின் வாசம்.

கீழேயிருந்து யாழினி கத்தினாள்.

"ஏ புள்ள! எதுக்குடி இழுக்கற? போட்டோ எடுக்க நான் கயித்த அவுத்துட்டேன். பாதியில பாற மேல நிக்கறேன்!"

என் கையில் கனம் குறையவில்லை.

"கயித்தப் போடு, காலு வழுக்குது! சீக்கிரம்!"

இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. அதுவாகவே மேலே ஏறி வந்தது.

"ஏய், பேசித் தொலடி!"

கல்லில் காலை முட்டுக் கொடுத்துக் கயிற்றைப் பிடித்தேன்.

விளிம்பில் முதலில் தலைமுடி தெரிந்தது. சேறு சொட்டியது.

யாழினி இன்னும் கீழேதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விட்டேன்.

கயிறு கல்லைச் சுற்றிச் சீறிக்கொண்டு போனது. தன்னைத் தாண்டி விழுந்த கயிற்றை அவள் எட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை என் பேரைச் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

இன்று மத்தியானம் மாமா மறுபடி வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திருப்பி வாங்கிய கயிறு தோளில் கிடந்தது. கேட்பதற்கு முன்பே இந்த நோட்டை நீட்டினேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"எத்தன கனம் இருந்துச்சு?"

"ஒரு ஆளு கனம் மாமா," என்று அடியில் எழுதிக் காட்டினேன்.

தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "சித்திரையில கிணத்துல உளுந்த ஒருத்தன இதுலதான் மேல எடுத்தோம். பொணம் ஏறுன கயித்த அந்தக் கிணத்துலயே போட்டுட்டு வரோணும். புதுசாச்சேன்னு நாந்தான் ஊட்டுக்குக் கொண்டாந்தேன்."

நோட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். கயிற்றின் நுனி அவர் பின்னால் மண்ணில் இழுபட்டது. வாசல் படலைத் தாண்டும்போது அது விறைத்தது. நுனியில் ஒன்றும் இல்லை. வாசல் மண் மட்டும் ஆளகலத்துக்கு ஈரமாகியிருந்தது.

கயிறு மூன்று முறை இழுபட்டது.

மாமா நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைத் தோளில் இறுக்கி, பாரம் இழுக்கிறவரைப் போல முன்னால் குனிந்து, அந்தக் கிணற்றுப் பக்கமாக நடந்தார்.