ஃப்ளோரன்ஸ் மறக்கவில்லை

ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு நான் போனபோது பட்டப்பகலிலேயே மழை இருட்டு கட்டியிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து டீசல் வாடை. கையில் எங்கள் ஆய்வகத்தின் கருவிப்பெட்டி. தங்கம் பூசிய சிறு பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் போதும், மறதி நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று மின்னோட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அவர் மகள் டெபோராதான் அழைத்திருந்தாள். அப்பாவுக்கு இப்போது மறதி. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு.

"எங்கம்மா நெசமாவே புத்தி கலங்கித்தான் செத்துச்சா? எனக்குத் தெரிஞ்சாவணும்க்கா."

அவள் அம்மா ஃப்ளோரன்ஸ், கணவனின் கள்ள உறவைத் தட்டிக் கேட்டவள். மறதி நோயில் உளறுகிறாள் என்று ஊரை நம்பவைத்து, அவளை உள்ளறையில் பூட்டினார் ஸ்டானிஸ்லாஸ். அங்கேயே செத்தாள். அதற்கு முன் மாதா கோயில் மருத்துவ முகாமில் அவள் கொடுத்திருந்த ரத்தம் எங்கள் உறைபெட்டியில் இருந்தது. சோதித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

நோயின் சுவடே இல்லை.

சொன்னதும் டெபோரா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதரோ நாற்காலியில் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் ரத்தத்தையும் சோதிக்க வேண்டியிருந்தது. முதலில் ரத்தமில்லாத வெறும் கரைசலை வைத்துக் கருவியைச் சரிபார்ப்போம். திரையில் கோடு தட்டையாக ஓட வேண்டும்.

ஓடவில்லை.

உள்ளறைக் கதவு தடதடத்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கோடு எகிறியது. கதவிடுக்கிலிருந்து புழுங்கிய வியர்வை நாற்றம்.

"அங்க யாரும் இல்லக்கா," என்றாள் டெபோரா, மிக மெல்ல.

தட்டல் நின்றது. ஸ்டானிஸ்லாஸ் விரலில் ரத்தம் எடுத்தேன். புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"அப்ப, செஞ்சதெல்லாம் மறந்துட்டு நிம்மதியா போய்ச் சேந்துருவாரா?"

நான் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து போன் செய்தாள்.

"நைனாவுக்கு என் பேர்கூட தெரியலக்கா. அம்மாதான் டெய்லி பக்கத்துல குந்திக்கினு, தான் செத்த கதைய மொதல்லேர்ந்து சொல்லுது. இவரு இப்பத்தான் கேக்குற மாதிரி கதறுறாரு. அப்பால மறந்துர்றாரு. அது மறுபடியும் ஆரம்பிக்குது."

பயத்தில் வரும் பிரமை என்று தேற்ற வாயெடுத்தேன். அதற்குள் போனில் வேறொரு பெண்குரல் கேட்டது.

"தண்ணி கேட்டு, கதவத் தட்டிக்கினே கெடந்தா அவ…"

"அடப்பாவமே," என்றார் ஸ்டானிஸ்லாஸ், நிஜமான இரக்கத்தோடு. "யாரும்மா அவள பூட்டுனது?"

அந்தக் குரல் சற்றும் அவசரப்படவில்லை.

"சொல்றேன்யா," என்றது.