குதிரைக்கறியும் கல் உருண்டையும்

பெகிமாய் வீட்டு விருந்தில் என் முன்னால் வைத்த தட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. குதிரைக்கறி!

"வெட்கப்படாம சாப்பிடு கண்ணு. பன்றிக்கறி எங்க வீட்டுப் பக்கமே வராது," என்றார் பெகிமாயின் அம்மா.

யூதர்களான நாங்கள் பன்றி சாப்பிட மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். குதிரையும் கூடாது என்பது தெரியவில்லை. எப்படிச் சொல்வேன்? பாலம் கட்டும் அப்பாவோடும் அம்மாவோடும் ஹைஃபாவிலிருந்து, குதிரை மேய்க்கும் இந்த நரின் மலையூருக்கு வந்த எனக்கு, பெகிமாய் ஒருத்திதான் தோழி. அவளும் கோபித்துக்கொண்டால்?

பாலையாவது குடிக்கலாம் என்று பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்தேன்.

"குதிரைப் பால்! ஜில்லுன்னு இருக்கும்," என்றாள் பெகிமாய்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ஊரில் எல்லாமே குதிரைதானா?

"திர்சா, எங்க சாப்பாடு உனக்கு அருவருப்பா இருக்கா?" பெகிமாயின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, இல்லடி! எங்க வழக்கத்துல குதிரை ஆகாது. ஆனா வாசனை நல்லாத்தான் இருக்கு. அதான் ஒரே குழப்பம்!"

அவளுடைய குட்டித் தம்பி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, என் பங்கை இவனுக்குக் குடுக்கட்டுமா?"

அவர் சிரித்துவிட்டார். "அடேயப்பா! பெரிய விருந்தாளிங்கதான் இப்படிச் சின்னப் பசங்களுக்குக் குடுப்பாங்க. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கண் சிமிட்டுவதற்குள் தட்டு காலி.

"குதிரை இல்லாதது ஏதாவது இருக்கா? புதுசா ஏதாவது தின்னு பாக்கணும்னு ஆசையா இருக்கு," என்றேன்.

பெகிமாய் ஓடிப்போய் ஒரு வெள்ளை உருண்டையோடு வந்தாள். "இது குருத். பசுந்தயிரைக் காயவெச்சது."

கடித்தேன். டொக்! கல்லா இது? ஒரே உப்பு. ஒரே புளிப்பு. துப்புவதா, விழுங்குவதா?

"கடிக்காதடி, சப்பு!" பெகிமாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிடித்திருக்கிறதா, இல்லையா? எனக்கே புரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னொன்று தின்றேன். அப்புறம் இன்னொன்று.

கிளம்பும்போது அத்தை என் கோட்டுப் பை நிறைய குருத்தைத் திணித்து அனுப்பினார்.

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டார். "நம்ம வழக்கத்தை மறந்துடலையே? என்ன சாப்பிட்ட?"

ஓர் உருண்டையை நீட்டி, பசுந்தயிர் என்றேன். அம்மா நறுக்கென்று கடித்தார்.

"ஆ! என் பல்லு!"

"கடிக்காதம்மா, சப்பு!"

அம்மாவின் முகம் எட்டுக் கோணலாகப் போனது. "நல்லா இருக்கா, இல்லையான்னே தெரியலையேடி," என்றவர், மறுபடியும் கையை நீட்டினார்.

"எதுக்கும் இன்னொண்ணு குடு, பாக்கலாம்."