மடுல்கெல்ல அலுமாரி

மடுல்கெல்லவில் பேச்சியம்மாவின் வீட்டு வாசலில் லொறியை நிறுத்தியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய அலுமாரிகளை வாங்கி, சுரண்டி, பழுதுபார்த்து, புதுப் பெயின்ற் அடித்து விற்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் திகன ஊர்க்கார ரிஸ்மியும். லொறி அவனுடையது, கையும் வாயும் என்னுடையவை. அந்தக் கையால்தான் எல்லாம் வந்தது.

இரட்டைக் கதவுத் தேக்கு அலுமாரி. கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடந்தன, உள்ளே ஒரு துணிகூட இல்லை. நான் சாத்திப் பார்த்தேன். மெதுவாகத் திரும்பி வந்து திறந்துகொண்டன. கதவுப் பிணைச்சல் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் தரை சரிவாயிருக்கும், வேறென்ன?

லொறியில் ஏற்றியதும் பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவ மட்டும் சாத்தி வச்சிராதீங்க தம்பி. எங்க மதினி பாவம்."

பிறகு சொன்னாள். அவளுடைய அண்ணன் பெண்சாதி அந்த அறையில்தான் பிள்ளைவலியோடு கிடந்தாளாம். மண்சரிந்து ரோட்டு மூடி, வாகனம் ஏறவில்லை. வலி நீண்டால் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலுள்ள பூட்டையெல்லாம் திறப்பார்கள், பெட்டியைத் திறப்பார்கள், முடிச்சையெல்லாம் அவிழ்ப்பார்கள். அப்போதுதான் பிள்ளைக்கு வழி திறக்குமாம். எல்லாவற்றையும் திறந்தார்கள். இந்த அலுமாரியின் சாவி மட்டும் கிடைக்கவில்லை. பூட்டை உடைத்துத் திறப்பதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் வீட்டில் என் பெண்சாதி ஷிரோமி நிறைமாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. தலவில தேவாலயத்து அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்து, காத்துக் கிடந்து வந்த பிள்ளை இது. இந்த நேரத்தில் இந்தக் கதை எனக்கு எதற்கு? ஷிரோமியிடம் மூச்சுவிடவில்லை.

பட்டறைக் கொட்டிலில் வைத்து வேலையைத் தொடங்கினேன். பழைய பெயின்றைச் சுரண்டியபோது தின்னர் நெடியையும் மீறி விளக்கெண்ணெய் மணத்தது. புதுப் பிணைச்சல் போட்டேன். மட்டம் பார்த்துக் காலுக்குக் கட்டை கொடுத்தேன். சாத்தினால் திறந்தது. மறுபடி சாத்தினேன், மறுபடி திறந்தது.

"மச்சான், ஒன்ட வேல அலுமாரிக்கே புடிக்கல்ல போல," என்றான் ரிஸ்மி.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. உள்ளும் புறமும் வெளிர்பச்சைப் பெயின்ற் அடித்து முடித்திருந்த நேரம். ஈரத்தோடு கதவைச் சாத்தினால் ஒட்டிக்கொள்ளும். தொழிலுக்கு வந்த அன்றே படிக்கிற பாடம் அது. ஆனால் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வாங்குகிற ஆள் பார்க்க வருவதாக இருந்தது, இது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டு கதவையும் அடித்துச் சாத்தி, கயிற்றைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். இப்போது திற பார்ப்போம் என்று அலுமாரியிடமே சொன்னேன்.

உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

எலி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் ஷிரோமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி தொடங்கியிருந்தது. ரிஸ்மியின் ஆட்டோவில் கண்டிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மத்தியானம் போய்ப் பின்னேரமாயிற்று. பிள்ளை இறங்கவில்லை. நேர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, பிள்ளையின் துடிப்புக் குறைகிறது, ஒப்பரேஷன் தியேட்டரை ஆயத்தப்படுத்துகிறோம் என்றாள். அன்னம்மாளைக் கூப்பிடக்கூட நாக்கு எழவில்லை.

அப்போது போன் அடித்தது. ஷிரோமி.

"கயித்த அவுக்கச் சொல்றாங்க," என்று மூச்சு வாங்கினாள். "பக்கத்துக் கட்டில் அக்கா. என்ன கயிறு கிறிஸ்ரி?"

நான் அவளிடம் கயிற்றைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"எந்த அக்கா?"

"வெளக்கெண்ண மணக்குற அக்கா. அவங்களுக்கும் வலி."

போன் நின்றுவிட்டது. நேர்ஸிடம் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் காலையிலிருந்து ஆளே இல்லை என்றாள்.

ரிஸ்மி ஆட்டோவை எப்படி ஓட்டினான் என்று எனக்கு நினைவில்லை. வழியெல்லாம் அவன் ஓதிக்கொண்டே வந்தான். கொட்டில் பூட்டைத் திறந்ததும் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அலுமாரி ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு பெண் முக்கினாள். பல்லைக் கடித்து, நீளமாக. கொஞ்சம் நின்றது. மறுபடி முக்கினாள்.

முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கத்தியால் கயிற்றை அறுத்தேன். கதவு வரவில்லை. ஈரப் பெயின்ற் காய்ந்து இரண்டையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. உளியை இடுக்கில் வைத்து நெம்பினேன். உளி வழுக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, என் பிள்ளைய விட்டிருங்க," என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, களைத்துப்போன குரலில் பதில் வந்தது.

"நானா புடிச்சு வச்சிருக்கேன்? நீதானே மூடி வச்சிருக்க."

உயிரைக் கொடுத்து நெம்பினேன். கதவு பிய்ந்துகொண்டு திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

கதவுகளின் உட்பக்கம் மட்டும், நான் அடித்த பெயின்ற் பெரிய வட்டமாக மரம் தெரியத் தேய்ந்திருந்தது. நிறைமாத வயிறு உயரத்தில். சூடான மூச்சு ஒன்று என் கழுத்தைக் கடந்துபோனது. வாசலில் நின்ற ரிஸ்மி, தன்னையறியாமல், வழிவிட்டு ஒதுங்கினான்.

போன் அடித்தது. பெண்பிள்ளை, வெட்டாமலே பிறந்துவிட்டாள், தாயும் சுகம் என்றார்கள். நான் அந்த மரத்தூளிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அலுமாரியை விற்க மனம் வரவில்லை. மடுல்கெல்லவுக்கே திருப்பிக் கொண்டுபோனோம். பேச்சியம்மா கதவைச் சாத்திப் பார்த்தாள். சாத்தியபடியே நின்றது.

"இது இப்ப வெறும் மரம் தம்பி," என்றாள். "மதினி யார்கூட போனா?"

நான் லொறியில் ஏறினேன்.

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள். எடை கூடுகிறது, கிளினிக்கில் எல்லாம் சரி என்கிறார்கள். தூங்கும்போதுதான் எனக்குப் பயம். மூச்சு சீராக, கை தளர்ந்து ஆழ்ந்து தூங்குவாள். கண்கள் மட்டும் திறந்தே இருக்கும். அப்படியே விடுங்க என்கிறாள் ஷிரோமி, என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்றுப் பகல் மனம் கேட்கவில்லை. தொட்டிலில் குனிந்து, விரல் நுனியால் இரண்டு இமைகளையும் மெல்ல மூடிவிட்டேன்.

கையை எடுத்தேன்.

அவள் அசையவில்லை, அவளாகத் திறக்கவும் இல்லை. இமைத்தோல் இரண்டு இடத்தில் குழிந்து, சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத விரல்களுக்குக் கீழே மெதுவாக மேலேறியது.