பவுனம்மாளின் கைநாட்டு

1964 நவம்பரில் மெட்ராஸ் தலைமை அலுவலகம் கணக்குச் சரிபார்க்க என்னைச் செஞ்சிக்கு அனுப்பியது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எங்கள் எண்ணெய் மில்லின் புண்ணாக்கு வாடை வந்தது.

வாசல், இந்த ஊரில் மல்லாட்டை எனப்படும் கடலையை உடைக்கும் கூடம், கிடங்கு என்று மூன்று வருகைப் புத்தகங்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் ஒரு கள்ளன் இருப்பான் என்று நம்புகிற ஆள் நான்.

முதல் இரண்டிலும் சிங்கவரத்துக் கூலிக்காரி பவுனம்மாள் அக்டோபர் பத்தாம் தேதியோடு நின்றுவிட்டாள். கிடங்குப் புத்தகத்தில் மட்டும் இன்று காலை வரை அவள் கைநாட்டு இருந்தது.

கிடங்குக்காரர் ஆதிமூலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“யாருக்காகப் பொய் வருகை போடுறீங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் போடல சார். பதினொன்னாந்தேதி மல்லாட்டை மூட்டை சரிஞ்சி அவ மேல வுழுந்துட்டுது. இங்கியே செத்துட்டா. அன்னிக்கு அவ வேலைக்கே வரலன்னு அந்த ரெண்டு புக்குலயும் எழுதிட்டாங்க.”

“அப்போ இது?”

“காலையில தொறந்தா இருக்குது. மை ஈரமா இருக்குது.”

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் வைத்த கைநாட்டை எடுத்து ஒப்பிட்டேன். பெருவிரலின் குறுக்கே அதே அரிவாள் தழும்பு. ஆதிமூலம் ரப்பரில் அச்சு செய்திருப்பார் என்று அப்போதும் சந்தேகப்பட்டேன்.

மேலிடத்து உத்தரவு என் பையில் இருந்தது. ஒரு புத்தகம் மட்டும் ஒத்துப்போகாவிட்டால் அதை மற்ற இரண்டைப்போலத் திருத்த வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

“அடிக்காதீங்க சார். அவ வந்தான்னு சொல்றது அது ஒண்ணுதான்.”

தெரிந்தும் அடித்தேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

மூன்றையும் இரும்பு பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காலையில் பீரோவைத் திறந்தேன்.

மை வாடை.

கிடங்குப் புத்தகத்தில் என் சிவப்புக் கோடுகளின் மேலேயே கைநாட்டுகள் இருந்தன.

வாசல் புத்தகத்தைப் புரட்டினேன். பதினொன்றாம் தேதி முதல் தினமும் ஒன்று.

கூடத்துப் புத்தகத்திலும்.

மூன்றும் ஒத்துப்போயின. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அவற்றை அப்படியே கட்டி மெட்ராஸுக்கு அனுப்பினேன். நடந்ததையும் மறைக்காமல் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து மெட்ராஸ் மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. விபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்.

“இங்கே எங்கள் ஆபீஸ் வருகைப் புத்தகத்திலும் தினமும் ஒரு கைநாட்டு விழுகிறது. செஞ்சியிலிருந்து யாரை அனுப்பினீர்கள்?”