ஏழு கத்திப் பெட்டி

"யா அல்லா…!"

சிங்கப்பூர் ஜாலான் புசார் சாலையின் அத்தனை இரும்புக்கடைச் சத்தத்தையும் பிளந்துகொண்டு வந்தது அந்த அலறல்!

கீழே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஹனீபா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். இரண்டு கைகளிலும் ரத்தம்!

"வடிவேலு அண்ணன்… கழுத்து… யாராச்சும் போலீஸைக் கூப்பிடுங்க லா!"

அரை மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் மருதப்பன் வந்தார். ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள். இரண்டு முழங்காலிலும் வலி. சவரம் செய்யாத தாடையைச் சொறிந்துகொண்டே ஒவ்வொரு படியாக ஏறினார்.

"சாகறவங்க ஏன்யா எப்பவும் மாடியிலயே சாகறாங்க?"

முன்னமே வந்திருந்த கான்ஸ்டபிள் சிலுவைராஜ் கதவைத் திறந்துவிட்டார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

நாற்காலியில் வடிவேலு. அறுபது வயது. முகம் நிறையச் சோப்பு நுரை. அதற்குக் கீழே…

மருதப்பன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பிணத்தின் வலது கையில் ஒரு சவரக்கத்தி. அதன் முதுகில் ஆங்கிலத்தில் 'செவ்வாய்' என்று பொறித்திருந்தது.

மேஜைமேல் நீளமான அட்டைப்பெட்டி. உள்ளே ஏழு பள்ளங்கள். கிழமைக்கு ஒரு கத்தி. ஆறு கத்திகள் மெழுகுக் காகிதம் பிரிக்காமல் புத்தம் புதிதாகக் கிடந்தன. ஒரு பள்ளம் காலி.

"இன்னிக்குச் செவ்வாய். கையில செவ்வாய்க் கத்தி. எல்லாம் கரெக்டா இருக்கு சார்," என்றார் சிலுவைராஜ். "ஆனா ரத்தக் கையோட ஓடினது இந்தப் பாய்தான். விலங்கு மாட்டிட்டேன்."

மூலையில் விலங்கோடு நின்றிருந்தார் ஹனீபா.

"உசிரு இருக்கான்னு தூக்கிப் பார்த்தேன் சார்! அதான் கையில ரத்தம்!"

"நீங்க எதுக்கு பாய் மேல வந்தீங்க?"

"அண்ணன்தான் வரச் சொன்னாரு. இருபது வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சது போதும், ஏழு கத்தியையும் பிரிச்சுத் தரேன், தீட்டிக் குடு, சாகறதுக்குள்ள நானும் நாலு தடவை இதுல சவரம் பண்ணிக்கறேன்னாரு. இன்னிக்குக் கடையும் காத்தாடுது, சரின்னு வந்தேன்…"

"நல்லாத்தான் தீட்டிட்டீங்க!" என்றார் சிலுவைராஜ்.

"எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைங்க சார்… தூக்குல போட்டுடாதீங்க!"

"அது வேற டிபார்ட்மெண்ட் பாய். எனக்குப் படியேறுற வேலை மட்டும்தான்."

சேதி கேட்டு ஃபேரர் பார்க்கிலிருந்து பெர்னார்ட் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி. வடிவேலுவைப் போலவே பழைய சவரக்கத்திகள் சேர்ப்பவர். இருபது வருட நண்பர்.

பிணத்தைப் பார்த்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"பாயை விட்டுடுங்க சார். பாவம். வடிவேலு கொஞ்ச நாளா மனசு விட்டுப் போயிருந்தான். இது தற்கொலைதான்… ஐயோ, தொப்பியை எடுங்க!"

சிலுவைராஜ் திடுக்கிட்டார். தம் தொப்பியை அந்தப் பெட்டிமேல் வைத்திருந்தார்!

"சும்மா அட்டைப்பெட்டிதானே?"

"சும்மாவா! இங்கிலாந்து ஷெஃபீல்டுலேர்ந்து கப்பல் கப்பலாக் கத்தி வந்திருக்கு. பெட்டியை எவன் வச்சிருக்கான்? வாங்கின அன்னிக்கே தூக்கிப் போட்டுடுவான். வெறும் கத்தின்னா அம்பது வெள்ளிதான் விலை. லேபிள் ஒட்டின பெட்டி, கம்பெனியில மடிச்ச காகிதம்… ஐந்நூறு குடுத்தாலும் கிடைக்காது!"

"அப்ப குப்பைக்குத்தான் விலை," என்றார் மருதப்பன்.

"குப்பைன்னு சொல்லாதீங்க சார்!"

பெர்னார்டின் குரல் உடைந்தது. பிணத்தைப் பார்த்தபோது உடையாத குரல்!

மருதப்பன் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். கால் கெஞ்சியது. ஒரு கோப்பி குடிக்கக் கிடைத்தால் தேவலை.

காளியம்மன் கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த வடிவேலுவின் மனைவி சரஸ்வதி, வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். கையில் இன்னும் குங்குமப் பொட்டலம்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. இன்னிக்கு இவரு சவரம் பண்ணப் போறதாச் சொன்னாரா?"

"செவ்வாய்க்கிழமையா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து செவ்வாய்க்கிழமை அவரு முகத்துல கத்தி பட்டதே இல்லீங்க ஐயா…"

"எங்க வீட்டுலயும் அதே சட்டம்தாம்மா. அதான் நான் இந்தக் கோலத்துல இருக்கேன்."

மருதப்பன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"நுரையை வேற யாரோ பூசியிருக்காங்க. இது கொலை!"

"அப்ப பாய்தான் சார்!"

"செவ்வாய்க்கிழமை கடை ஏன் காத்தாடுதுன்னு பாயைக் கேளுய்யா. நம்ம ஆளுங்க அன்னிக்கு முடி வெட்ட வரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரியாதா? அவரு பண்ணியிருந்தா இந்த நாடகத்துக்கு வேற கிழமை பார்த்திருப்பாரு. கழட்டு விலங்கை!"

"எனக்கே இது தெரியாதே சார்…" என்றார் சிலுவைராஜ்.

"தெரியாத ஒருத்தன்தான்யா இதைப் பண்ணியிருக்கான்."

"சார்! காலையிலேர்ந்து நான் ஸ்டேஷன்லதான் இருந்தேன்!"

விலங்கு கழன்றது. ஹனீபா தரையிலேயே உட்கார்ந்து அழுதார். பெர்னார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

செவ்வாய்க் கத்தி பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் காகிதம் எங்கே?

தரையில் இல்லை. குப்பைக்கூடையில் இல்லை.

மருதப்பன் பெட்டியை மெல்லத் தூக்கினார். அடியில் இருந்தது! பழைய மடிப்பு மேலேயே மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல்…

கழுத்தை அறுத்திருக்கிறான். காகிதத்தைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை!

மருதப்பன் கொட்டாவி விட்டார்.

"சிலுவை, மத்த கத்தியிலயும் ரேகை பார்க்கணும். எல்லாத்தையும் பிரிச்சிடலாம்."

"மெதுவாப் பிரிக்கவா சார்?"

"மடிப்பு பார்த்துப் பிரிக்க எனக்கு ஏதுய்யா பொறுமை?"

புதன்கிழமைக் கத்தியைக் கையில் எடுத்தார். மெழுகுக் காகிதத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார்.

சர்ர்ர்…!

பெர்னார்ட் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"கிழிக்காதீங்க சார்…! காலையில அவனும் இப்படித்தான் கிழிக்க வந்தான்!"