ஊசி போடாத நூலகர்

நிலவுப் பல்கலைக்கழகத்தின் வாயிற்கதவு அன்று காலையும் பொய் சொன்னது.

"இன்று விடுமுறை. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்."

மாணவர்கள் கொட்டாவி விட்டபடி உள்ளே போனார்கள். பேராசிரியர்களும் போனார்கள். நூலகர் சவரிமுத்து மட்டும், "அப்படியா, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று கதவுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு திரும்பி நடந்தார். கதவு உடனே அவரை மருத்துவப் பிரிவுக்குக் காட்டிக்கொடுத்தது. ஊசி போடாதவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி இன்னும் வரவில்லை.

நிலவில் எல்லோர் காதுக்குப் பின்னாலும் ஒரு செவிச்சில்லு உண்டு. செய்தி, பாட்டு, மாமியார் எல்லாம் அதன் வழியாகத்தான் வருவார்கள். அந்தச் சில்லின் சூட்டில் வளரும் ஒரு கிருமி, மூளையில் சந்தேகம் ஊறும் இடத்தை மழுங்கடித்துவிடும். அப்புறம் காதில் விழுவதெல்லாம் உண்மைதான். வதந்திக் காய்ச்சல் என்று பெயர். ஒருமுறை, ஊரை மூடியிருக்கும் கண்ணாடிக் குமிழில் காற்று கசிகிறது என்று யாரோ கிளப்பிவிட, மீட்புக்கலத்தின் வாசலில் நெரிசலாகிப் பலருக்குக் கை கால் முறிந்தது. அன்றிலிருந்து மாணவரானாலும் ஊழியரானாலும் தடுப்பூசி கட்டாயம். போட்டுக்கொண்டவர்கள் ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பமாட்டார்கள்.

"சவரிமுத்து சார், இன்னிக்குத்தான் கடைசி நாள். போட்டுக்கலைன்னா வேலை போயிடும்" என்றார் மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிவரப்பட்ட அவரிடம் டாக்டர் தில்லைநாயகி, ஊசியை எடுத்தபடி.

"தெரியும் டாக்டரம்மா. எம்பொண்ணு செவ்வாய்ல படிக்கிறா. வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்ப்பா, சந்தோஷமா இருக்கேன்னு தெனமும் சொல்றா. அத நம்பித்தான் நான் தூங்குறேன். ஊசி போட்டா அவகிட்டயும் ஆதாரம் கேப்பேனே." சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டருக்குப் பாவமாக இருந்தது. அவருக்கும் ஒரு மகன் உண்டு. நன்றாகப் படிக்கிறேன் என்று அவன் சொல்வதை, ஊசி போட்ட நாளிலிருந்து அவர் நம்பியதே இல்லை.

அப்போது எல்லோர் செவிச்சில்லிலும் ஒரு குரல் கேட்டது. "குமிழில் காற்று கசிகிறது!"

சவரிமுத்து அலறி எழுந்தார். டாக்டர் சிரித்தார். "சுத்தப் புரளி. நான் நம்பலை." சொன்னவர், ஊசியை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"மத்தவங்க நம்பி ஓடிடுவாங்களே சார்! எல்லாரும் முந்திக்கிட்டா கலத்துல எனக்கு இடம் ஏது?"

தாழ்வாரத்தில் பல்கலைக்கழகமே ஓடிக்கொண்டிருந்தது. நம்பியவர் ஒருவரும் இல்லை. பக்கத்தில் ஓடுகிறவர் நம்பிவிட்டார் என்று மட்டும் எல்லோருக்கும் தோன்றியது. "கசிவு இல்லை, இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று துணைவேந்தர் செவிச்சில்லில் கெஞ்சினார். "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்கள். சவரிமுத்து மட்டும், "அட, கசிவு இல்லையாமே" என்று நிம்மதியாக உட்கார்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

மாலையில் டாக்டர் கையில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார். மீட்புக்கலத்தின் வாசலில் மறுபடியும் நெரிசலாகிப் பலருக்குக் கை கால் முறிந்திருந்தது. அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார் சவரிமுத்து.

செவிச்சில்லில் அடுத்த செய்தி வந்தது. "நெரிசலுக்குக் காரணம், ஊசி போடாத அந்த ஒரு நூலகர்."

"அபத்தம். நீங்க இந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இதை நான் நம்பலை" என்ற டாக்டர், காதுக்குப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டி, அதைத் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.

"நம்பலைன்னா ஏம்மா அனுப்புறீங்க?"

"சும்மாதான் சார். வந்துச்சு, அனுப்பினேன்."

ஆனால் கேட்டதையெல்லாம் நம்புகிறவர் அந்த ஊரில் ஒருவர் மிச்சம் இருந்தாரே! சவரிமுத்துவின் முகம் சுருங்கிப்போனது. டாக்டரின் கைக்கட்டை நிமிர்ந்து பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்னாலதானா இத்தனை பேருக்கு அடிபட்டுச்சு?" என்றவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தோளை நீட்டினார். "போடுங்கம்மா."