காணாமல் போன முட்டைக்கோஸ் சாறு

காலை ஒன்பது மணி. ஆய்வகத்துக் குளிர்பெட்டியைத் திறந்த அக்கா, கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நடுத்தட்டில் இருந்த புட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சிவப்புக் கறை மட்டும் மிச்சம்.

தங்கை வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. அவள் போலீஸ் இன்ஸ்பெக்டர். விடுப்பு நாள் என்பதால் சரியாக வாராத தலையோடு வந்திருந்தாள்.

"புட்டியில என்ன இருந்துச்சு?"

"முட்டைக்கோஸ் சாறு."

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்கா அப்படி அழுதுக்கிட்டே போன் பண்ணின?"

"சிரிக்காதடி. சிவப்பு முட்டைக்கோஸ். இரும்பு துருப் பிடிக்கிற மாதிரி நம்ம உடம்புக்குள்ளயும் ஒரு சேதம் நடக்கும். அதைத் தடுக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் எந்தக் காய்ல எவ்வளவுன்னு பார்க்கிறதுதான் எங்க வேலை. ஊதாக் கரைசல் ஒண்ணு இருக்கு. சாறுல சத்து இருந்தா அந்த ஊதா மஞ்சளா மாறும். மத்த சாறெல்லாம் ஆற அமர மாத்தும். இது விட்ட உடனே மாத்திடுச்சு. மூணு மணிக்கு நிபுணர் குழு வருது. அவங்க நம்பினாத்தான் இந்த லேப் ஓடும். இல்லேன்னா பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

பேசிக்கொண்டே சோப்பு நுரையில் நனைத்த ஸ்பாஞ்சால் தட்டைத் துடைத்தாள். பதற்றம் வந்தால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது.

"தடயத்தையே துடைக்கிறியே," என்று தங்கை தடுப்பதற்குள் கறை போய்விட்டது. அக்கா தொட்டியில் ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். பச்சையாக நுரை இறங்கி ஓடியது.

"சாவி?"

"கதவுக்குப் பின்னால ஆணியில. தெரிஞ்சது எனக்கு, அவருக்கு, ஆராய்ச்சி மாணவிக்கு. ஆனா ஒண்ணு. அந்தப் புட்டிக்கு மூடி சரியாப் பொருந்தாது. எடுத்தவங்க மேல சிவப்புக் கறை படாம இருக்காது."

'அவர்' என்பது அத்தான். வீட்டில் கணவர், இங்கே அக்காவின் கீழ் உதவி ஆராய்ச்சியாளர். 'ரெண்டு இடத்துலயும் எனக்கு ஒரே மேலதிகாரி' என்று தாமே சொல்லிச் சிரிப்பவர்.

முதலில் மாணவி. வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"இது என்ன?"

"பீட்ரூட் மேடம். நேத்து அரைச்சேன்."

"இன்னிக்கு முதல்ல வந்தது?"

"நான்தான். ஆனா குளிர்பெட்டிப் பக்கமே போகல."

"நேத்து கடைசியாப் போனது?"

"சார்."

அத்தான் ரசாயன அலமாரி முன்னால் நின்று டப்பாக்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். 'சிட்ரிக் அமிலம்' என்று எழுதிய, சீல் உடையாத டப்பா ஒன்று அவர் கையில். தங்கையைக் கண்டதும் அதைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை ஓரத்தில் பச்சைக் கறை.

"அது என்ன கறை அத்தான்?"

"கீரைம்மா. இங்க வேற என்ன ஒட்டும்?"

"கதவைப் பூட்டும்போது புட்டி இருந்துச்சா?"

"கவனிக்கல. விடும்மா, போனா போகட்டும். வேற செஞ்சுக்கலாம்."

மூன்று மாத உழைப்பு போயிருக்கிறது. மனிதர் பஸ்ஸைத் தவறவிட்டவர்போல் பேசுகிறாரே என்று தங்கை நினைத்தாள்.

பதினொரு மணிக்கு எல்லோருக்கும் எலுமிச்சைத் தேநீர் வந்தது. தங்கை கோப்பையைத் தொடவில்லை. சோப்பு நுரையை விரலில் எடுத்து மாணவியின் கைப்பகுதியில் தேய்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"பீட்ரூட்தான். நீ நிம்மதியாத் தேநீர் குடி. அத்தான், அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் குடுங்க."

அவர் தயங்கிக் கொடுத்தார். தங்கை தேநீரோடு வந்த எலுமிச்சைத் துண்டைப் பச்சைக் கறைமேல் பிழிந்தாள். பச்சை கரைந்தது. அந்த இடத்தில் இளஞ்சிவப்பு பரவியது.

"கீரை இப்படி வெட்கப்படாது அத்தான்."

தங்கை கைக்குட்டையை மேசையில் விரித்தாள்.

"சிவப்புக் கறையைத் துடைச்ச ஸ்பாஞ்சுல பச்சை இறங்குச்சு. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தா. முட்டைக்கோஸ் நிறம் புளிப்பு பட்டா சிவக்கும், சோப்பு பட்டா பச்சையாகும். அக்காவுக்கு இது பால பாடம், பதற்றத்துல தோணல. எல்லாரும் சிவப்பைத் தேடினோம். நீங்க கையைத் துடைச்ச கைக்குட்டையைச் சோப்புப் போட்டு அலசினதுல, கறை வேஷம் மாறிடுச்சு."

அக்கா கணவரையே பார்த்தாள். "நீங்களா?"

தங்கை அலமாரியிலிருந்து அந்த டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "காரணம் இதுல இருக்குன்னு நினைக்கிறேன். சாறுல என்ன அமிலம் சேர்ப்பீங்க அக்கா?"

"சிட்ரிக். நிறம் நிக்கிறதுக்கு. சேர்க்கிறது இவர்தான்." சீலைத் தடவிப் பார்த்த அக்காவின் முகம் மாறியது. "இதைத் திறக்கவே இல்லையே. அப்போ என்னத்தைப் போட்டீங்க?"

"பக்கத்து டப்பா," என்றார் அத்தான். "வைட்டமின் சி. அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். ரெண்டும் வெள்ளைப் பொடி, பார்க்காம எடுத்துட்டேன். விட்ட உடனே மஞ்சளாச்சே, அது முட்டைக்கோஸ் இல்ல, வைட்டமின் சி செஞ்ச வேலை. நேத்து சாயங்காலம்தான் சீலைக் கவனிச்சேன். நீ அத்தனை சந்தோஷமா இருந்தே. சொல்ல வாய் வரல. குழு முன்னால நீ தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு புட்டியையே எடுத்துட்டேன்."

"எங்க அது?"

"நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல. பாலுக்குப் பின்னால. கொட்ட மனசு வரல."

"காலைல பாலை எடுத்ததே நான்தான்," என்றாள் அக்கா. சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஃப்ரீசர்ல எதுவும் சேர்க்காத சாறு கொஞ்சம் இருக்கு. கரைய வைங்க."

மூன்று மணிக்கு அக்கா குழுவிடம் எதையும் மறைக்கவில்லை. டப்பா மாறியதையும் சொன்னாள். பிறகு வெறும் சாற்றைக் கரைசலில் விட்டாள். ஊதா அசையவில்லை. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல நிறம் வெளுத்து, கடைசியில் குழாய் முழுக்க மஞ்சள் நின்றது.

குழுத் தலைவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதிசயம் இல்ல. ஆனா நல்ல சாறு. தப்பை நீங்களே சொன்னதால மத்த முடிவுகளையும் நம்பலாம். தொடர்ந்து செய்ங்க."

அவர்கள் போனதும் அத்தான் மெதுவாகக் கேட்டார். "எனக்கு என்ன தண்டனை?"

"டப்பா மாறினது யாருக்கும் நடக்கும். என்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுக்கு இந்தக் குழாயெல்லாம் நீங்கதான் கழுவணும்."

அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே போனார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அக்கா, துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று, அவர் கழுவி நீட்டிய குழாய்களை ஒவ்வொன்றாக வாங்கித் துடைக்கத் தொடங்கினாள்.